பச்சைப் பொடியா, பேர் போட்ட பொட்டலமா: தண்டையார்பேட்டையில் ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் உணவியலாளராக இருக்கிறேன். ஒரு பொது மருத்துவர், ஒரு செவிலியர், நான், ரத்தம் எடுக்கக் காலையில் மட்டும் வந்துபோகும் ஒரு தம்பி. அவ்வளவுதான் எங்கள் படை. போன வருடம் எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றி அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா, மகள், மகன் மூவரும் சேர்ந்து வந்தார்கள். மகன் கையில் மூடியோடு ஒரு பச்சை டப்பா. மகள் கையில் ஓர் அட்டைப் பெட்டி. அப்பா கையில் ஒன்றுமில்லை. உட்கார்ந்ததும் மகள்தான் ஆரம்பித்தாள்.

“மேடம், அப்பாவுக்கு ரெண்டும் மாசம் நாலாயிரத்துக்கு மேல ஆகுது. ரெண்டுல ஒண்ணு போதும்னு நினைக்கிறோம். எதை நிறுத்தலாம், நீங்களே சொல்லுங்க.”

டப்பா, மகன் போகும் ஜிம்மில் சொல்லி வாங்கியது. கோதுமைப்புல், பார்லிப்புல், முருங்கை இலை, ஸ்பைருலினா, குளோரெல்லா, கொஞ்சம் அசுவகந்தா. ஒரு கரண்டி பத்து கிராம், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். ஜனவரியிலிருந்து குடிக்கிறார். அட்டைப் பெட்டி, மகள் இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வரவழைத்தது. உள்ளே முப்பது பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் அப்பா பேர் அச்சடித்து ஆறு மாத்திரைகள். பிப்ரவரி நடுவிலிருந்து போடுகிறார்.

அப்பாவைப் பார்த்து, “உங்களுக்கு என்ன பண்ணுது சார்?” என்றேன். இவ்வளவு நேரத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

“ரெண்டு காலும் மதமதன்னு இருக்கும்மா. பஞ்சு மேல நடக்கிற மாதிரி. செருப்பு கழண்டு பின்னாடி கிடக்கும், தெரு முனைக்குப் போனப்புறம்தான் தெரியும்.”

ஆள், சாப்பாடு, மருந்து

வயது 56. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். சர்க்கரை நோய் 11 வருடம். மெட்ஃபார்மின் காலையில் ஒரு கிராம், ராத்திரி ஒரு கிராம், கூடவே கிளிமெபிரைடு. மூன்று வருடம் முன்னால் வயிற்றெரிச்சல் என்று யாரோ பேன்டாப்ரசோல் எழுதிக்கொடுத்தார்கள். எரிச்சல் போய்விட்டது, மாத்திரை போகவில்லை. தினமும் எழுந்ததும் அதுதான் முதல் வேலை.

சாப்பாட்டில்தான் விஷயம் இருந்தது. காசிமேட்டு மீனில் வளர்ந்த உடம்பு. 2016 தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனம் போய்வந்தவர், அன்றோடு மீன், கறி, முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். வள்ளலார் வாழ்ந்த ஏழுகிணறு வீடும் அவர் நடையாய் நடந்து போன திருவொற்றியூரும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தூரத்து ஊர்களா என்ன? வடசென்னையில் இப்படி மாறியவர்கள் நிறைய. காலையில் கரிசலாங்கண்ணிச் சாறு, வாரத்தில் ஐந்து நாள் ஏதாவது ஒரு கீரை மசியல், தூதுவளை ரசம். இப்படிப்பட்ட மனிதருக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கீரைப் பொடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பச்சைக் கீரையில் எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதம் தண்ணீர். அதனால் பத்து கிராம் பொடி, அது முழுக்கக் கீரையாகவே இருந்தாலும், எழுபதிலிருந்து நூறு கிராம் கீரைக்குத்தான் சமம். தெருவில் கூவி வரும் அம்மாவிடம் ஒரு கட்டு வாங்கினால் அது வந்துவிடும்.

பாலையும் விடாமல் கணக்குப் போட்டேன். மூன்று டீ, இரண்டு வேளை மோர். எல்லாம் சேர்ந்து 350 மில்லி வரும். நரம்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய வைட்டமின் பி12 செடியில் கிடையாது; மீனையும் முட்டையையும் விட்டவருக்குப் பால்தான் வழி. அதிலிருந்து ஒன்றரை மைக்ரோகிராம் அளவுக்கு பி12 கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு 2.2 மைக்ரோகிராம். காகிதத்தில் பார்த்தால் கொஞ்சம் குறை, பயப்படும்படி இல்லை. ஆனால் காகிதத்தில் மெட்ஃபார்மினும் பேன்டாப்ரசோலும் இல்லை.

பரிசோதனை

நாக்கை நீட்டச் சொன்னார் டாக்டர். வழவழவென்று, சொரசொரப்பே இல்லாமல், செக்கச்செவேல் என்று இருந்தது. மிளகு ரசம்கூட எரிகிறது என்று அப்போதுதான் சொன்னார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி வலது கால் பெருவிரல் எலும்பில் வைத்தார் டாக்டர். “அதிருதா?” “இல்ல.” கணுக்காலில் வைத்தார். “இல்ல.” முழங்காலில் வைத்தபோதுதான், “ஆங், இப்ப அதிருது.” கணுக்கால் அனிச்சைத் துடிப்பு இரண்டு பக்கமும் இல்லை. காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் தள்ளாடினார். மகன்தான் பிடித்துக்கொண்டான்.

மகள் அப்போது ஒன்று சொன்னாள். பங்குனியில் குடும்பத்தோடு வடிவுடையம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். பதினொன்றரை மணி வெயில். பிராகாரக் கல்லில் எல்லாரும் குதித்துக் குதித்து ஓட, இவர் மட்டும் நிதானமாக நடந்து சுற்றி வந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பாட்டி, “அம்மா அருள்” என்று கும்பிட்டாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது பாதத்தில் கொப்புளம்.

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் பி12 குறைவால் வருவதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதில் ஒன்றைச் சரிசெய்துவிட முடியும் என்பதால், அதை முதலில் தேடுவதுதான் முறை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னோம்.

பி12 வழிந்த ரிப்போர்ட்

வந்த எண்கள் இவை. ஹீமோகுளோபின் 12.1, சிவப்பணு சராசரி அளவு 97 (இயல்புதான்), மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் 1.0. பி12 அளவு 1,180 பிகோகிராம். ஆய்வகம் போட்டிருந்த மேல்வரம்பு 771. வைட்டமின் டியும் தாராளம். தைராய்டு அதிகம் சுரந்தால் குறையும் டிஎஸ்எச் 0.07, இருக்க வேண்டிய கீழ்வரம்பு 0.27. தைராய்டு சுரக்கும் தைராக்சின் மேல்வரம்பைத் தாண்டியிருந்தது.

மகளுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா மேடம், பொட்டலம் வேலை செஞ்சிருக்கு. பி12 எவ்ளோ ஏறியிருக்கு!” பொடியை நிறுத்திப் பொட்டலத்தைத் தொடரலாம் என்று வீட்டில் அநேகமாக முடிவே செய்துவிட்டார்கள். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, அதற்கு மாத்திரை ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று வேறு யாரோ ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லியும் விட்டார்.

டாக்டருக்கு ஒப்பவில்லை. தைராய்டு அவ்வளவு ஏறிய ஆளுக்குக் கை நடுங்க வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும், எடை இறங்க வேண்டும். இவருக்கு நாடி 72. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. கை சும்மா மேசை மேல் கிடக்கிறது. இன்னொரு பக்கம், ரத்தத்தில் பி12 வழிகிறது, நாக்கும் காலும் வேறு கதை சொல்கின்றன.

“அந்தப் பொட்டலத்தைக் கொண்டாங்க” என்று ஒன்றை வாங்கி மேசையில் கொட்டினேன். ஒரு மஞ்சள் ஜெல் குளிகை, மீன் எண்ணெய் இல்லை, வைட்டமின் டி. ஒரு வெள்ளை மெக்னீசியம். பல வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரை ஒன்று. அதில் பி12 இருந்தது, 2.2 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவைக்குச் சரியாக. தூக்கத்துக்கு ஒன்று, மன அழுத்தத்துக்கு ஒன்று. ஆறாவது சின்னதாக, வெளிர் சிவப்பில். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் பார்த்தேன்: பயோட்டின் 10,000 மைக்ரோகிராம்.

பயோட்டினும் ஒரு பி வைட்டமின்தான். பத்தாயிரம் மைக்ரோகிராம் என்றால் பத்து மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவு 30 மைக்ரோகிராம். முந்நூறு மடங்குக்கு மேல்.

“இது எதுக்கு சேர்த்தாங்க?”

மகள் யோசித்தாள். கேள்வித்தாளில், தலைமுடி கொட்டுகிறதா என்று ஒரு கேள்வி வந்ததாம். ஆமாம் என்று தட்டியிருக்கிறாள். அப்பா தலையில் கையை வைத்துத் தடவிக்கொண்டார். முன்னந்தலை வழுக்கை விழுந்து இருபது வருடம் ஆகிறது.

வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்றும் அந்தக் கேள்வித்தாள் கேட்டிருக்கிறது. ‘சுகர் மாத்திரை’ என்று எழுதியிருக்கிறாள். அதனால் பொட்டலத்தில் எதுவும் மாறினதாகத் தெரியவில்லை.

ஒரு மாத்திரை ரிப்போர்ட்டை எப்படி மாற்றும்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தைராய்டு டெஸ்டுக்கு வரும் பெண்களில் பலர் முடிக்காக இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஹார்மோன், வைட்டமின் அளக்கும் பல கருவிகள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசையாகப் பயன்படுத்துகின்றன. இரண்டும் ஒட்டினால் விடாது. அளக்க வேண்டிய பொருளைப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் பயோட்டினைக் கட்டிவிட்டால், ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை எண்ணினால் கணக்கு வந்துவிடும். ரத்தத்திலேயே பயோட்டின் வழிந்தால், அந்த இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பொருளில் கட்டிய பயோட்டினுக்கு இடமில்லை.

டிஎஸ்எச் அளக்கும் முறையில், எவ்வளவு ஒட்டியதோ அவ்வளவு டிஎஸ்எச். இடமில்லாமல் போனால் குறைவாகக் காட்டும். தைராக்சின், பி12, வைட்டமின் டி அளக்கும் முறை தலைகீழ்: எவ்வளவு குறைவாக ஒட்டியதோ அவ்வளவு அதிகம் என்று கருவி எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரே மாத்திரை டிஎஸ்எச்சைக் கீழே தள்ளி மற்றதையெல்லாம் மேலே ஏற்றிவிடும். எங்கள் மனிதரின் ரிப்போர்ட் அச்சு அசலாக அப்படியே இருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு பயோட்டினால் குறைவாகக் காட்டியதில் ஒருவர் இறந்ததாகவும் அதில் சொல்லியிருந்தார்கள். 2019இல் எச்சரிக்கையைப் புதுப்பித்தார்கள். எல்லாக் கருவிகளிலும் இப்படி ஆகாது; புது ரசாயனங்கள் அதிக பயோட்டினைத் தாங்கும்படி வருகின்றன. உங்கள் ஆய்வகத்தில் எது என்று கேட்காமல் தெரியாது.

ரத்தம் எடுத்த அன்று அவர் காலை ஆறரைக்குப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். “வெறும் வயிறுன்னுதானே சொன்னீங்க, மாத்திரை சாப்பாடு இல்லையேம்மா” என்றார். தப்பு எங்களுடையது. இப்போது ரத்தம் எடுக்கும் தம்பி, “முடிக்கு, நகத்துக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?” என்று எல்லாரிடமும் கேட்கிறான்.

தைராய்டு டெஸ்டுக்கு முன் குறைந்தது இரண்டு நாளாவது பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நாங்கள் நான்கு நாள் நிறுத்தினோம். பொடியையும்தான். இரண்டாவது ரிப்போர்ட்: டிஎஸ்எச் 2.4, தைராக்சின் சரி. பி12 அளவு 148. பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீனையும் கூடவே பார்த்தோம், 36. பதினைந்துக்குள் இருந்திருக்க வேண்டும்.

பி12க்கு விழுந்த மூன்று அடி

பி12 உடம்புக்குள் போவது ஒரு நீண்ட பயணம். உணவில் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் அதை வயிற்று அமிலம் பிரிக்க வேண்டும். பேன்டாப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்தது, வயிறு சுரக்கும் ஓர் உள்காரணிப் புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய், அங்கே கால்சியத்தின் உதவியோடு உள்ளே நுழைய வேண்டும். மெட்ஃபார்மின் அந்த நுழைவில் குறுக்கிடுகிறது. அதிக அளவில், வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்கு அமைப்பும் 2022இல் நினைவூட்டியது. இவர் சாப்பிடுவது நாளைக்கு இரண்டு கிராம், 11 வருடமாக. மூன்றாவது அடி, மீனும் முட்டையும் நின்றது. கல்லீரலில் பி12 இருப்பு சில வருடம் தாங்கும். அதனால்தான் 2016இல் விட்டதன் விளைவு உடனே தெரியவில்லை. இருந்ததைச் செலவழித்துவிட்டுத்தான் கால் மதமதத்திருக்கிறது.

பச்சைப் பொடி இதில் என்ன செய்யும்? ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அதில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. பார்க்க அதே மாதிரி, மனித உடம்பில் வேலை செய்யாது. கோதுமைப்புல்லிலும் முருங்கையிலும் பி12 கிடையாது. அதை உண்டாக்குவது செடியல்ல, நுண்ணுயிர். ஏஜி1 மாதிரி சில வெளிநாட்டுப் பொடிகளில் பி12 தனியாகச் சேர்க்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அது வைட்டமின் மாத்திரையைப் பொடியில் போட்ட மாதிரிதான், பச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கீரை இன்னொன்றும் செய்திருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். கீரையில் ஃபோலேட் ஏராளம். பொடியிலும் தனியாகச் சேர்த்திருந்தார்கள். பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் ஊதிப் பெரிதாகி ரத்தசோகை வரும். மருத்துவர் கண்ணில் அது சீக்கிரம் படும். ஃபோலேட் நிறைய இருந்தால் ரத்தம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெடும். இவருடைய சிவப்பணு அளவு 97இலேயே நின்றதற்கு அது காரணமாக இருக்கலாம். நிரூபிக்க என்னிடம் வழியில்லை. பொடியை விட்டுவிட்டுப் பொட்டலத்தை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது என்பதற்காக எழுதுகிறேன்.

பொட்டலத்தில் இருந்த 2.2 மைக்ரோகிராம் ஆரோக்கியமான குடலுக்கான அளவு. வாசல் அடைத்துக் கிடக்கும் குடலுக்கு அது போதாது. ஆயிரம் மைக்ரோகிராம் மாதிரி பெரிய அளவு கொடுத்தால், அதில் ஒரு சதவீதம் அந்த வாசல் வழியாகப் போகாமலே கசிந்து உள்ளே போய்விடும், பத்து மைக்ரோகிராம். வாய்வழி மாத்திரை வேலை செய்வது அப்படித்தான். தனிப்பட்ட தேவைக்கேற்ப என்று எழுதி வந்த பொட்டலத்தில் அவருடைய தனிப்பட்ட தேவை எதுவோ அது மட்டும் இல்லை.

பேர் போட்ட பொட்டல வியாபாரம் அமெரிக்காவில் பெரிதாக எழுந்து ஆட்டம் கண்டது. இப்படிப் பொட்டலம் விற்ற பெர்சோனாவை நெஸ்லே 2019இல் வாங்கியது, அதே மாதிரி கேர்ஆஃப் நிறுவனத்தின் பெரும்பங்கை பேயர் 2020இல் வாங்கியது. கேர்ஆஃப் 2024இல் மூடப்பட்டது. கேள்வித்தாள் நிரப்பி மாத்திரை தருவது மோசடி என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தையும் மருந்துச் சீட்டையும் பார்க்காமல் தூக்கத்தையும் முடியையும் விசாரித்து முடிவெடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

செய்தது

நரம்பு பாதித்திருப்பதால் டாக்டர் ஊசியிலேயே ஆரம்பித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று வாரம், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஊசிக்கு ஆன மொத்தச் செலவு அந்தப் பொட்டலத்தின் ஒரு மாத விலையைத் தொடவில்லை. பேன்டாப்ரசோலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை ஏறினால் அதே நரம்புதான் அடிவாங்கும்.

மீனை மறுபடி சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவர் விரதம். பாலை அரை லிட்டர் ஆக்கினோம், கீரை அப்படியே. கரிசலாங்கண்ணியையும் தொடவில்லை. “அதையும் நிறுத்தச் சொல்லுவீங்கன்னு பயந்துட்டேம்மா” என்றார்.

பச்சைப் பொடி யாருக்கும் வேண்டாமா? சமையலே செய்யாமல் பரோட்டாவில் வண்டி ஓட்டும் பையனுக்கு அது கெடுதல் இல்லை, கீரைக்கு மாற்றும் இல்லை. ஆனால் இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கள் பக்கம் பலர். அவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தப் பொடியைத் தொடக் கூடாது. கீரைப் பொடியில் வைட்டமின் கே அதிகம். அது மாத்திரையின் வேகத்தைக் குறைத்து, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆரைக் கீழே இழுக்கும், வால்வில் ரத்தம் உறையலாம். தினம் ஒரே அளவு கீரை சாப்பிடுகிறவருக்கு அதற்கேற்பத் தான் மருந்தளவே வைத்திருப்பார்கள். திடீரென்று ஒரு டப்பா வீட்டுக்குள் வருவதுதான் ஆபத்து. சிறுநீரகம் பழுதானவர்களும் அப்படியே, ஆக்சலேட்டாலும் பொட்டாசியத்தாலும்.

அதற்குப் பிறகு

இரண்டாவது வாரத்தில் நாக்கு எரிச்சல் போய்விட்டது. ஆறாவது வாரம் கால் முன்பைவிட அதிகமாகக் குத்துகிறது என்று பயந்துபோய் வந்தார். நரம்பு விழித்துக்கொள்ளும்போது சிலருக்கு அப்படி இருக்கும் என்று டாக்டர் தைரியம் சொல்லி அனுப்பினார். ஆகஸ்டில், ஆடிக் கடைசி வெள்ளி, மத்தியானம் போன் வந்தது. பின்னால் கோயில் மணி.

“மேடம், கல்லு சுடுது!”

ஆறு மாதத்தில் இசைக்கவை கணுக்காலில் தெரிந்தது. பெருவிரலில் இன்னும் தெரியவில்லை. அது திரும்புமா என்று உறுதி கொடுக்கவில்லை, சர்க்கரையின் பங்கு எவ்வளவோ. செருப்பைப் பின்பக்கம் பட்டி வைத்ததாக மாற்றியிருக்கிறார். பி12 அளவு 540. இனி வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

பச்சைப் பொடியை மகன் தானே குடித்துக்கொண்டிருக்கிறான். கடைசியாக வந்தபோது மகள் எழுந்து போகிற நேரத்தில் தயங்கி நின்றாள்.

“மேடம், நானும் அந்த முடி மாத்திரைதான் போடுறேன். எனக்கு வர்ற வியாழக்கிழமை தைராய்டு டெஸ்ட்.”

“ஞாயிற்றுக்கிழமையோட நிறுத்திடும்மா. ஆய்வகத்துலயும் சொல்லிடு.”